கல்லை எடுத்தால் கிட்னி என்ன ஆகும்? கோலாலம்பூரில் நம்மவர்கள் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

கோலாலம்பூரில் சிறுநீரக நோயாளிகள் வார்டில் தாதியாகப் பல ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இன்றும் செந்தூலிலிருந்தும் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்தும் பூச்சோங்கிலிருந்தும் போன் வருகிறது. "மிஸ்ஸி, அப்பாவுக்குக் கல். ஆப்பரேஷன் செய்யச் சொல்றாங்க. கிட்னி போயிடுமா?" இதைக் கேட்காதவர்களே இல்லை. வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போகும் மாமாவையோ அத்தையையோ பார்த்துப் பார்த்து வந்த பயம் இது. மலேசியாவில் பெரியவர்களிடையே நாட்பட்ட சிறுநீரக நோய் 2011இல் ஏறக்குறைய 9 விழுக்காடாக இருந்தது, 2018இல் 15 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது. பயப்படுவதில் தவறில்லை. ஆனால் பயம் கத்தியின் மேல் இருக்கிறது. இருக்க வேண்டிய இடம் அது இல்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

கல்லை எடுத்தால் கிட்னியின் பலம் குறைந்துவிடுமா?

பெரும்பாலானவர்களுக்குக் குறைவதில்லை. அறுவைக்கு முன் எவ்வளவு வேலை செய்ததோ, சில வாரங்களில் அதே அளவுக்குத் திரும்பிவிடும். கல் அடைத்துக்கொண்டிருந்த கிட்னி என்றால், அடைப்பு நீங்கியதும் முன்பைவிட நன்றாக வேலை செய்வதும் உண்டு.

ஒரு சிறுநீரகத்தில் சுமார் 10 லட்சம் நுண்வடிகட்டிகள் இருக்கின்றன. முதுகுவழியாகத் துளைபோட்டுக் கல்லெடுக்கும் சிகிச்சையில்கூட, துளை சென்ற பாதையில் ஒரு சிறு தழும்பு மட்டுமே மிஞ்சுகிறது. மொத்தச் சதையோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறிய பகுதி. மீதியிருக்கும் வடிகட்டிகள் அந்த இழப்பைத் தாராளமாக ஈடுகட்டும்.

அதற்காக ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன். இரத்தக்கசிவு, கிருமித் தொற்று, சிறுநீர்க்குழாயில் காயம் ஆகியவை சிலருக்கு வரத்தான் செய்கின்றன. ஆனால் அவை அறுவைச் சிகிச்சையின் சிக்கல்கள். கல்லை எடுத்த காரணத்துக்காகவே கிட்னி செத்துப்போகும் என்ற எண்ணம் மட்டும் உண்மையில்லை.

அப்படியென்றால் கல் வந்தவர்களுக்குக் கிட்னி கெட்டுப்போவது எதனால்?

அடைப்பால், கிருமியால், தாமதத்தால்.

கல் நகர்ந்து சிறுநீர்க்குழாயில் சிக்கியதும் சிறுநீர் கீழே இறங்க வழியில்லாமல் மேலே தேங்குகிறது. உள்ளே அழுத்தம் ஏறுகிறது. அந்த அழுத்தத்தில் வடிகட்டும் வேலை மந்தமாகிறது, பிறகு கிட்னிக்குப் போகும் இரத்தமே குறைகிறது. நாள்பட்டால் சதை மெலிந்து தழும்பாகிவிடும். தழும்பான இடம் திரும்ப வேலை செய்யாது. விலங்குகளிடம் செய்த ஆய்வுகளில், முழு அடைப்பை ஒரு வாரத்துக்குள் நீக்கினால் கிட்னி கிட்டத்தட்ட முழுமையாக மீண்டது. இரண்டு வாரத்தில் கணிசமாக இழந்தது. ஆறு வாரம் போனபின் ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சவில்லை. மனிதர்களுக்கு அடைப்பு பெரும்பாலும் முழுமையாக இருப்பதில்லை என்பதால் நாள்கணக்கு அப்படியே பொருந்தாது. போகும் திசை அதுதான்.

இங்கே ஒன்றைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். வலி நின்றுவிட்டது, அதனால் கல் விழுந்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். திடீர் அழுத்தத்தில்தான் வலி துடிக்க வைக்கிறது. அடைப்பு நீடித்தால் கிட்னி சிறுநீர் உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும், குழாயும் விரிந்து கொடுக்கும், வலி அடங்கிவிடும். கல் அங்கேயேதான் இருக்கும். "வலியே இல்ல மிஸ்ஸி, நல்லாயிடுச்சு" என்று சொல்லிப் போய், ஒரு வருடம் கழித்து வேறு காரணத்துக்கு ஸ்கேன் எடுக்கும்போது அந்தப் பக்கக் கிட்னி தோல்போல மெலிந்திருப்பதைப் பார்த்தவர்கள் என் வார்டுக்கு வந்திருக்கிறார்கள். அவர்கள் முகம் எனக்கு மறக்கவில்லை.

5 மி.மீ.க்கும் குறைவான கற்கள் பெரும்பாலும் தானாக வெளியேறும் என்பது உண்மை. மருத்துவர் காத்திருக்கச் சொன்னால் காத்திருக்கலாம். ஆனால் நான்கு முதல் ஆறு வாரத்துக்குள் மறு ஸ்கேன் எடுத்து, கல் போய்விட்டதைக் கண்ணால் பார்த்தால்தான் கணக்கு முடியும்.

லேசர், அதிர்வலை, துளை என்கிறார்கள். எது கிட்னிக்கு நல்லது?

எது நல்லது என்பதைவிட, உங்கள் கல்லுக்கு எது பொருத்தம் என்று கேட்பதே சரி. 1 செ.மீ.க்கு உட்பட்ட கல்லுக்கு அதிர்வலையோ லேசரோ போதும். 2 செ.மீ.க்கு மேலான கிட்னிக் கல்லுக்குத் துளைவழிச் சிகிச்சையைத்தான் பெரும்பாலும் முதலில் சொல்வார்கள். இடைப்பட்டவற்றுக்குக் கல் இருக்கும் இடம், கடினம், நோயாளியின் உடல்வாகு எல்லாம் பார்த்து முடிவு செய்வார்கள்.

அதிர்வலைச் சிகிச்சையை 1980இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குச் செய்தார்கள். வெட்டே கிடையாது என்பதால் இதுதான் பத்திரம் என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். அலைகள் கிட்னிச் சதை வழியாகத்தானே போகின்றன? உள்ளே கொஞ்சம் கன்றிப்போகும், சிறுநீரில் ஓரிரு நாள் இரத்தம் தெரியும், ஆறிவிடும். அபூர்வமாகக் கிட்னியைச் சுற்றி இரத்தம் கட்டும். உடைந்த துண்டுகள் வரிசையாகக் குழாயில் சிக்கி மறுபடி அடைப்பதும் உண்டு. கர்ப்பிணிகளுக்கும், இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுத்துக்கொண்டே இருப்பவர்களுக்கும் இது கூடாது.

லேசரில், சிறுநீர் வெளியேறும் வழியாகவே வளையும் குழாய்க்கருவியை உள்ளே செலுத்தி, கல்லைப் பொடியாக்குவார்கள். கிட்னிச் சதையைத் துளைப்பதில்லை. இங்கே கவனிக்க வேண்டியது கிருமி. பார்வை தெளிவாக இருக்க உள்ளே தண்ணீர் செலுத்துவார்கள். சிறுநீரில் கிருமி இருக்கும்போது அந்த அழுத்தம் கிருமியை இரத்தத்தில் ஏற்றிவிடும். அதனால்தான் முன்கூட்டியே சிறுநீர்க் கல்சர் பரிசோதனை கேட்கிறார்கள். அதை அலட்சியம் செய்யாதீர்கள்.

துளைவழிச் சிகிச்சையில் துளை அதிகம் போனால் 1 செ.மீ. அகலம். இப்போது இன்னும் சிறிய துளைகளும் வந்துவிட்டன. இரத்தக்கசிவு மற்ற இரண்டையும்விட இதில் அதிகம், சிலருக்கு இரத்தம் ஏற்ற வேண்டிவரும். ஆனால் மான்கொம்பு போலக் கிளைவிட்டுக் கிட்னியையே நிரப்பிய பெரிய கல்லுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. அத்தகைய கல்லைச் சும்மா விட்டால், பல ஆண்டுகளில் அது பெரும்பாலும் கிட்னியைத் தின்றுவிடும்.

வயிற்றைத் திறந்து செய்யும் பழைய அறுவை இன்று அபூர்வம்.

ஆப்பரேஷனுக்கு மறுநாள் கிரியேட்டினின் ஏறிவிட்டதே?

கிரியேட்டினின் என்பது கிட்னி வடிகட்டி வெளியேற்றும் ஒரு கழிவு. இரத்தத்தில் அது ஏறினால் கிட்னி மந்தமாகிறது என்று பொருள். முதல் இரண்டு மூன்று நாளில் கொஞ்சம் ஏறுவது உண்டு. மயக்க மருந்து, இரத்தக்கசிவு, வீக்கம், ஆண்டிபயாட்டிக் எல்லாம் சேர்ந்து செய்யும் வேலை. பெரும்பாலும் இறங்கிவிடும். உண்மையான நிலவரம் மூன்று மாதம் கழித்து எடுக்கும் பரிசோதனையில்தான் தெரியும். தொடர்ந்து ஏறிக்கொண்டே போனாலோ சிறுநீர் குறைந்தாலோ கதை வேறு. உடனே ஸ்கேன் பார்க்க வேண்டும், அடைப்பு எங்காவது இருக்கலாம்.

இந்தக் கேள்வியோடு எப்போதும் வரும் ஒரு குழப்பம் இருக்கிறது. நம் நாட்டுப் பரிசோதனைக் கூடங்கள் கிரியேட்டினினை மைக்ரோமோல் கணக்கில் தருகின்றன. யூடியூபில் பார்க்கும் தமிழ்நாட்டு மருத்துவர்கள் மில்லிகிராம் கணக்கில் பேசுகிறார்கள். "1.2க்கு மேல போகக் கூடாதுன்னு சொல்றாரு, எனக்கு 98 வந்திருக்கு!" என்று ஒரு அம்மா அழுதுகொண்டே போன் செய்தார். இங்குள்ள எண்ணை 88.4ஆல் வகுத்தால் அங்குள்ள எண் வரும். 98 என்பது ஏறக்குறைய 1.1. அந்த எண்ணோடு, கிட்னி எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் இ.ஜி.எஃப்.ஆர். என்ற கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். வயது, ஆண் பெண் வேறுபாடு பார்த்துக் கணக்கிடுவதால் நிலைமை அதில் இன்னும் தெளிவாகத் தெரியும்.

கிரியேட்டினின் சரியாக இருக்கிறது. அப்போது கல் இருக்கும் கிட்னியும் நன்றாகத்தானே இருக்கும்?

இல்லை. இது ஏமாற்றும் எண். ஒரு கிட்னி மெல்லச் செத்துக்கொண்டிருந்தாலும் மறு கிட்னி கூடுதலாக வேலை செய்து கணக்கைச் சமன் செய்துவிடும். இரத்தத்தில் தெரிவது இரண்டின் கூட்டுத்தொகை மட்டும்தான். ஒவ்வொரு பக்கமும் எத்தனை விழுக்காடு வேலை செய்கிறது என்று பார்க்க அணுமருந்து ஸ்கேன் இருக்கிறது. கையில் சிறிதளவு கதிர்மருந்து ஏற்றி, கருவி படம் பிடிக்கும். சி.டி. படத்தில் கிட்னி வீங்கியோ மெலிந்தோ இருந்தால், அறுவைக்கு முன்னாலேயே, "டாக்டர், இரண்டு பக்கத்தையும் தனித்தனியாகப் பார்க்க ஸ்கேன் வேண்டுமா?" என்று கேளுங்கள். பிறகு முன்னேற்றமா பின்னடைவா என்று ஒப்பிட அந்த எண் கையில் இருக்கும். பலர் ஆப்பரேஷனால் கிட்னி கெட்டது என்று சொல்வது, முன்பே எவ்வளவு கெட்டிருந்தது என்று அளக்காததால்தான்.

கல்லை எடுக்காமல் கிட்னியையே எடுக்கச் சொல்கிறார்கள். சம்மதிக்கலாமா?

அந்தப் பக்கம் 10 முதல் 15 விழுக்காட்டுக்கும் குறைவாகவே வேலை செய்து, கிருமியும் வலியும் விடாமல் தொல்லை தந்தால் அப்படிச் சொல்வதுண்டு. மறு கிட்னி நல்ல நிலையில் இருந்தால் ஒன்றோடு நீண்ட நாள் நலமாக வாழலாம். தயக்கம் இருந்தால் இன்னொரு நிபுணரின் கருத்தைக் கேளுங்கள். அது உங்கள் உரிமை, மருத்துவர்கள் யாரும் கோபிக்க மாட்டார்கள்.

எனக்கு நீரிழிவும் இரத்த அழுத்தமும் இருக்கின்றன. எனக்கு ஆபத்து அதிகமா?

ஆம். ஏற்கெனவே பலவீனமான கிட்னி மீள்வதற்கு நாள் எடுக்கும், சிலருக்கு முழுவதும் மீளாது. அதனால் அறுவையைத் தவிர்க்க வேண்டும் என்று அர்த்தமில்லை. மிச்சமிருக்கும் பலத்தைக் காப்பாற்ற அடைப்பை இன்னும் சீக்கிரம் நீக்க வேண்டும் என்றுதான் அர்த்தம். மெட்ஃபார்மின், இரத்தத்தை இளக்கும் மருந்து, அழுத்த மாத்திரை எல்லாவற்றையும் பையில் போட்டு அப்படியே கொண்டுபோய்க் காட்டுங்கள். எதை எந்த நாளில் நிறுத்த வேண்டும் என்று அவர்கள் சொல்வார்கள். இதயத்தில் ஸ்டெண்ட் வைத்தவர்கள் ஆஸ்பிரினைத் தாங்களாகவே நிறுத்திவிடக் கூடாது.

கல்லை எடுத்தாயிற்று. உள்ளே ஒரு ஸ்டெண்ட் இருக்கிறதாம். அது என்ன?

கிட்னியிலிருந்து சிறுநீர்ப்பை வரை போகும் மெல்லிய நெகிழ்குழாய். இரு முனையும் சுருண்டிருக்கும். அறுவைக்குப் பின் குழாய் வீங்கி அடைத்துவிடாமல் சிறுநீர் இறங்கிக்கொண்டே இருப்பதற்காக வைப்பது. அடிக்கடி சிறுநீர் வரும், கழிக்கும்போது இடுப்பில் சுருக்கென்று வலிக்கும், வெயிலில் அலைந்தால் சிறுநீர் சிவக்கும். இதெல்லாம் சகஜம்தான், குழாய் வெளியே வந்ததும் போய்விடும்.

இதயத்தில் வைக்கும் ஸ்டெண்ட் ஆயுள்வரை இருக்கும். இது அப்படி இல்லை. எடுத்தே ஆக வேண்டியது. பெயர் ஒன்றாக இருப்பதால் "அது அங்கேயே இருக்கட்டும்" என்று விட்டுவிடுகிறார்கள். வழக்கமான வகையை மூன்று மாதத்துக்குள் எடுக்கவோ மாற்றவோ செய்வார்கள், பலருக்குச் சில வாரங்களிலேயே. விட்டுவிட்டால், கெட்டிலின் அடியில் படியும் வெள்ளை உப்பு போல அதன்மேல் கல் படியும். முனை இறுகி இழுக்க வராது, சிறுநீர் தேங்கும், கிருமி சேரும். ஒரு கல்லுக்காகப் படுத்தவர் அதை எடுக்க இரண்டு மூன்று அறுவைகளுக்குப் படுக்க வேண்டிவரும். கிட்னியையே இழந்தவர்களும் உண்டு. கல்லெடுத்து நன்றாக இருந்த கிட்னி மறதியால் போவதைப்போல மனத்தை வாட்டுவது வேறில்லை.

வீட்டுக்குக் கிளம்பும் முன் மூன்று விஷயங்களை எழுதி வாங்குங்கள்: ஸ்டெண்ட் வைத்த தேதி, எடுக்க வேண்டிய தேதி, எந்த கிளினிக்கில் எடுப்பார்கள் என்பது. அந்தத் தேதியைப் பிள்ளைகளின் கைப்பேசியிலும் பதிந்து வையுங்கள். அப்பாயிண்ட்மெண்ட் வரவில்லை என்றால் காத்திருக்காமல் நேரே போய்க் கேளுங்கள். எடுப்பதற்குச் சில நிமிடம் போதும், பெரும்பாலும் மரத்துப்போகும் ஜெல் தடவியே எடுத்துவிடுவார்கள்.

காய்ச்சல் வந்தால்?

கல்லோடு காய்ச்சலும் குளிர்நடுக்கமும் வந்தால் அது இரவா பகலா என்று பார்க்காதீர்கள். அடைபட்ட கிட்னியில் சீழ் பிடித்தால் சில மணி நேரத்தில் இரத்தத்தில் பரவி உயிருக்கே ஆபத்தாகும். 999ஐ அழையுங்கள், அல்லது அருகிலுள்ள அவசரப் பிரிவுக்குப் போங்கள். "கல் அடைச்சிருக்கு, காய்ச்சல் 38க்கு மேல" என்று வாசலிலேயே சொல்லுங்கள். அங்கே முதலில் கல்லைத் தொடமாட்டார்கள். ஸ்டெண்டோ முதுகுவழிக் குழாயோ வைத்துத் தேங்கியதை இறக்குவார்கள். கல் பிறகு. "கல்லை எடுக்காம அனுப்பிட்டாங்க" என்று குறைப்பட வேண்டாம், சரியான வரிசை அதுதான். சிறுநீர் சுத்தமாக நின்றுபோனாலும், கட்டிகட்டியாக இரத்தம் வந்தாலும் இதே அவசரம்.

தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பதாக வேண்டுதல். ஸ்டெண்ட் உள்ளே இருக்கிறது. போகலாமா?

கோயிலுக்குப் போகலாம். காவடி வேண்டாம். துளைவழிச் சிகிச்சை முடிந்தவர்களுக்கு இரண்டு வாரம் கழித்தும் திடீர் இரத்தக்கசிவு வருவதுண்டு. பாரம் தூக்கிப் பத்துமலையின் 272 படிகளை ஏறுவது அதைத் தூண்டிவிடலாம். சைவ விரதத்தால் கிட்னிக்குத் தீங்கில்லை. தண்ணீர்கூடக் குடிக்காமல் ரதத்தின் பின்னால் இரவெல்லாம் நடப்பதுதான் தீங்கு. வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல் இருக்கும், இனிப்புப் பானங்களை விட்டுவிட்டு வெறும் தண்ணீரை வாங்கிக் குடியுங்கள். வேண்டுதலை அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். முருகன் பொறுத்துக்கொள்வான் என்று முழுமனதாக நம்புகிறவள் நான்.

மிசாய் குச்சிங், வாழைத்தண்டுச் சாறு குடித்தால் கல் கரையாதா?

மருந்தால் கரையக்கூடியது பெரும்பாலும் யூரிக் அமிலக் கல்தான். அதற்குச் சிறுநீரின் புளிப்பைக் குறைக்கும் சிட்ரேட் மருந்தை மருத்துவரே தருவார். நம்மவர்களுக்கு அதிகம் வரும் கால்சியம் கல், எந்தச் சாற்றிலும் கரைந்து நான் பார்த்ததில்லை. மிசாய் குச்சிங் சிறுநீரைக் கொஞ்சம் கூட்டும், அவ்வளவுதான். சாறு குடித்துக்கொண்டே ஆறு மாதம் அடைப்பை விட்டுவைப்பதில்தான் என் சண்டை.

கிட்னி பலவீனமானவர்களுக்கு வாழைத்தண்டின் பொட்டாசியமே ஆபத்து. பெலிம்பிங் என்ற நட்சத்திரப் பழம் அவர்களுக்கு நஞ்சு: விடாத விக்கல், குழப்பம், வலிப்பு வரை கொண்டுபோகும். நல்ல கிட்னி உள்ளவர்களும் வெறும் வயிற்றில் அதன் சாற்றைக் குவளை குவளையாகக் குடிக்கக் கூடாது. பசார் மாலாமில் விற்கும் பெயர் தெரியாத பொடிகளைத் தொடாதீர்கள். அரிஸ்டோலோகிக் அமிலம் உள்ள மூலிகைகள் கிட்னியை நிரந்தரமாகக் கெடுத்திருக்கின்றன. பதிவான பாரம்பரிய மருந்தில் "மால்" என்று தொடங்கும் எண்ணும் ஹோலோகிராம் ஒட்டும் இருக்கும்.

வலி மாத்திரை?

கல்வலிக்கு மருத்துவர் ஓர் ஊசி டைக்ளோஃபெனாக் போடுவது வேறு. மூட்டுவலிக்கென்று அதையும் மெஃபெனாமிக் அமிலத்தையும் மாதக்கணக்கில் விழுங்குவது வேறு. கிட்னி பலவீனமாக இருந்தால் மூட்டுவலிக்கான அந்த இரண்டு மாத்திரைகளையும் உடனே நிறுத்திவிட்டு, பாராசிட்டமால் எடுக்கலாமா என்று கேளுங்கள்.

சாப்பாட்டில் எதை விடவேண்டும்?

விடுவதற்கு முன், கூட்ட வேண்டியது தண்ணீர். நாளொன்றுக்கு 2 முதல் 2½ லிட்டர் சிறுநீர் போக வேண்டும். இந்த ஊர் வெக்கையில் அதற்கு 3 லிட்டர்வரை குடிக்க வேண்டிவரும். வெயிலில் நின்று வேலை செய்பவர்களுக்கு இன்னும் அதிகம். இதயமோ கிட்னியோ பலவீனமாகி, தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லப்பட்டவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

குறைக்க வேண்டியதில் முதலில் உப்பு. கருவாடு, இக்கான் பிலிஸ், பெலாச்சான், மேகி எல்லாம் உப்பு மூட்டைகள். உப்பு கூடினால் சிறுநீரில் கால்சியமும் கூடும். இக்கான் பிலிஸ் யூரிக் அமிலத்தையும் ஏற்றும். பாலையும் தயிரையும் நிறுத்திவிடுகிறார்கள், அது தவறு. உணவிலுள்ள கால்சியம், கல்லை உண்டாக்கும் ஆக்சலேட் என்ற பொருளைக் குடலிலேயே பிடித்து வெளியேற்றிவிடும். ஆக்சலேட் அதிகமுள்ள பசலைக்கீரை, பீட்ரூட், கடலைகளைக் குறைத்துக்கொள்ளுங்கள். வைட்டமின் சி மாத்திரையை நாளுக்கு ஒரு கிராம் என்று போடாதீர்கள்.

அரசு மருத்துவமனையில் காத்திருக்க நேர்ந்தால் கிட்னி போய்விடாதா?

கிளினிக் கெசிஹாத்தான் எனும் அரசு சுகாதார நிலையத்தில் 1 வெள்ளி (ரிங்கிட்), நிபுணரைப் பார்க்க 5 வெள்ளி. குடிமக்களுக்கு இதைவிட மலிவான வழி கிடையாது. கோலாலம்பூர் மருத்துவமனையிலேயே சிறுநீரகவியலுக்கென்று தனிக் கழகம் இருக்கிறது. வரிசை நீளமாக இருப்பது உண்மைதான். எல்லாரும் ஒரே வரிசையில் இல்லை என்பதும் உண்மை. கிட்னி வீங்கியிருக்கிறதா, ஒரே கிட்னியா, கிருமி இருக்கிறதா, கிரியேட்டினின் ஏறுகிறதா என்பதைப் பார்த்து முன்னால் அழைப்பார்கள். பரிந்துரைக் கடிதத்தில் இவை எழுதப்பட்டிருக்கின்றனவா என்று வாங்கும்போதே படித்துப் பாருங்கள், இல்லையென்றால் சேர்க்கச் சொல்லுங்கள். காத்திருக்கும் காலத்தில் நிலைமை மாறினால் தேதி வரும்வரை இருக்காமல் திரும்பிப் போங்கள். ஸ்டெண்ட் வைத்து அடைப்பை நீக்கிவிட்டால் கல்லுக்காகக் காத்திருப்பதில் கிட்னிக்குப் பெரிய இழப்பு வராது.

கல் மறுபடி வருமா? பிள்ளைகளுக்கும் வருமா?

ஏறக்குறைய பாதிப்பேருக்குப் பத்து ஆண்டுக்குள் மறுபடி வருகிறது. எடுத்த கல்லைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள், எந்த வகை என்று தெரிந்தால் தடுக்கலாம். அடிக்கடி வந்தால் இரத்தத்தில் கால்சியமும், அதைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு சுரப்பியும் பார்க்க வேண்டும். குடும்பத்தில் இருந்தால் பிள்ளைகளுக்கு வாய்ப்பு அதிகம்தான். வளர்ந்த பிள்ளைகள் என்றால் தண்ணீர்ப் பழக்கம் போதும். சிறுவயதிலேயே கல் வந்துவிட்டால், சிறுநீரில் சிஸ்டின் என்ற பொருள் கூடிக் கல்லாவது போன்ற பிறவிக் கோளாறுகள் இருக்கின்றனவா என்று நிபுணரிடம் கட்டாயம் பாருங்கள். பெற்றோரின் பழைய கல் பரிசோதனை அறிக்கை இருந்தால் அதையும் கையோடு எடுத்துப் போங்கள்.